வேர்க்காத கன்னம்

எனக்கு இப்போது இருக்கும் பயம் ஒன்றுதான். என் ஆத்தாவின் முகம் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. வெறும் மறதி என்றால் மனதை ஆற்றிக்கொள்வேன். எல்லோருக்கும் நடப்பதுதானே. ஆனால் அந்த முகம் இருந்த இடத்தில் வேறொரு முகம் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. அது எந்த மனுசிக்கும் சொந்தமில்லாத முகம். கீரனூரில் நான் வேலை பார்த்த ஃபிளக்ஸ் கடையில், ஒரு மத்தியானம், நான் டீ வாங்கி வருவதற்குள் அது பிறந்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, மங்களூரில் பரோட்டாக் கடை, கட்டுமாவடியில் ஐஸ் உடைக்கும் வேலை, பிறகு போர்வெல் லாரியில் ஏறி சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றினேன். ஒரு இடத்தில் கால் நிற்காது. சோறு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காதபோது அடுத்த ஊருக்குப் போனேன். ஆத்தா செத்த பிறகு கொஞ்ச காலம் அக்காவுக்குப் பக்கத்தில் இருப்போம் என்று வந்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து பஸ்ஸில் கீரனூர் போய்வர வசதியாக இருந்ததால் ஃபிளக்ஸ் கடையில் சேர்ந்தேன்.

கடையை நடத்தியது ஒரு பெண். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது, மெஷினில் ஓட்டுவது எல்லாம் அவர்தான். நான் தங்கச்சி என்பேன், அவர் அண்ணே என்பார். என் வேலை கட்டுவது. கட்டைகளைச் சட்டமாக அடித்து, ஃபிளக்ஸை இழுத்து ஆணி வைத்து, சவுக்குக் கழி நட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். காற்று புகுந்து போக அங்கங்கே பிறை மாதிரி வெட்டிவிட வேண்டும். முகத்தில் மட்டும் வெட்டக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண ஃபிளக்ஸில் மாப்பிள்ளையின் தாடையில் வெட்டிவிட்டு, மாமன்மாரிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு முகம் என்றால் கத்தியைத் தள்ளியே வைப்பேன்.

நான் சேர்ந்த சமயத்தில்தான் தங்கச்சி ஏஐ வைத்துப் படம் செய்யப் பழகியிருந்தார். வாயால் சொன்னால் போதும், வந்து நிற்கும். பழைய படத்தைப் போட்டால் புதிதாக்கிவிடும். மங்கல் போகும், கிழிசல் போகும், முடி கறுக்கும். ஒரு மாப்பிள்ளை கையில் ஆறு விரல் வந்ததைக் கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். "பொண்ணு வீட்டுக்காரங்க எண்ணிப் பாக்கமாட்டாங்கண்ணே, விடுங்க" என்றார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆவூரில் ஒரு பெரியவர் இறந்தபோது நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பரம்பரை வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ரிட்டயர்டு வாத்தியார். படம் மங்கலாக இருந்ததால் தங்கச்சி ஏஐயில் போட்டு, "தமிழ்நாட்டுப் பெரியவர், நல்லா சாந்தமா" என்று சொல்லியிருக்கிறார். அது நல்ல சாந்தமான பெரியவரைக் கொடுத்தது. மாதா கோயில் வாசலுக்கு எதிரே நான் கட்டி இறங்கியதும் அவருடைய மகன் ஓடி வந்தார்.

"யோவ், மேல பாருய்யா. நெத்தியப் பாரு."

பார்த்தேன். மூன்று விரலால் இழுத்த விபூதி, பளிச்சென்று.

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போன மனுசன். ஆயுசுக்கும் பூசாததச் செத்த அன்னைக்குப் பூசி விட்டுட்டீங்களே. சாமியார் வர்ற நேரம்யா."

பெயின்ட் தேடி அலைந்து, மறுபடி ஏறி, நெற்றிக்குத் தோல் நிறத்தில் பூசிவிட்டு இறங்கினேன். கீழே நின்றவர்கள் துக்கத்தை மறந்து வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அந்த மெஷின் தனக்குத் தெரியாததை விட்டுவைக்காது, தன் கையில் இருப்பதைப் போட்டு நிரப்பிவிடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

என் ஆத்தாவுக்கு இடது கன்னம் வெந்து போனது. நான் வயிற்றில் இருந்தபோது அரைவை மில்லுக்கு நெல் அவிக்கும் வேலைக்குப் போனாள். ஆவி வரும் இரும்புக் குழாய் ஒரு நாள் பொருத்து விட்டுப்போய் முகத்தில் அடித்துவிட்டது. கண் தப்பியது. கன்னம் தப்பவில்லை. அப்போது அக்காவுக்கு நாலு வயது. நான் பிறந்து, கண்ணுக்கு முகம் தெரிய ஆரம்பித்தபோது ஆத்தாவின் முகம் அப்படித்தான் இருந்தது. சின்ன வயதில் மற்றப் பிள்ளைகளின் அம்மாமாரைப் பார்த்து, இவர்களுக்கு ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன்.

நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எந்த வெயிலில் நின்றாலும் அவளுக்கு வலது பக்கம்தான் வேர்க்கும். இடது கன்னத்தில் ஒரு சொட்டு வராது. முந்தானையால் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். கோபம் வந்தால் முதலில் அந்தக் கன்னம்தான் சிவக்கும். வாய் பேசுவதற்கு முன் அதைப் பார்த்தே நான் ஓடிவிடுவேன்.

போட்டோ என்றால் ஆகாது. அக்கா போனைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். "எந்தச் சீமையில எம் மூஞ்சியக் காட்டப் போற, அங்கிட்டுப் போடி" என்பாள். ஆதார் அட்டையில் இருந்தது கரி பூசிய மாதிரி ஒரு உருவம், கண் எது மூக்கு எது என்று தெரியாது. அந்த அட்டையும் அவளுடைய சேலைகளோடும் சுருக்குப்பையோடும் சேர்ந்து சுடுகாட்டுக்குப் போய்விட்டது. இறப்புச் சான்றிதழுக்காக மச்சான் அலைந்தது தனிக்கதை.

அவள் செத்தபோது நான் ஒடிசாவில் ஒரு மலை அடிவாரத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து சேர வழியில்லை. சித்திரை வெயில், வைத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாக முகத்தையாவது பார் என்று மச்சான் வீடியோ கால் போட்டார். எனக்கு டவர் கிடைக்கவில்லை. லாரி மேல் ஏறி நின்றேன். குளிர்பெட்டிக் கண்ணாடியில் டியூப் லைட்டின் வெளிச்சம் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே ஆத்தா. "தெரியுதா மாப்ளே, தெரியுதா?" என்று மச்சான் கேட்டுக்கொண்டே போனை அசைத்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு கட்டம் மஞ்சளாக, ஒரு கட்டம் பழுப்பாக, அப்படியே நின்றுபோனது. பின்னால் அக்கா அழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "தெரியுது மச்சான்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? லாரியில் இருந்து இறங்கி மறுபடி வேலையைப் பார்த்தேன்.

ஆகவே ஆத்தாவின் முகம் என்று என்னிடம் இருந்ததெல்லாம் என் ஞாபகத்தில் இருந்ததுதான். அதற்கு வேறு நகல் கிடையாது.

வருசம் திரும்பும் நேரத்தில் அக்கா, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஃபிளக்ஸ் வைக்க வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் இது கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் பெற்றவளை மதித்தார்களா இல்லையா என்பதை ஊர் முகப்பில் இருக்கும் ஃபிளக்ஸின் அகலத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நானே கட்டுகிறவன். நம் வீட்டுக்கே ஒன்று இல்லை என்றால் எப்படி என்றாள்.

அவளுடைய கல்யாண ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தாள். ஆத்தா இருக்கும் ஒரே போட்டோ அதில்தான் இருக்கிறது. மணமேடையில் எல்லோரும் நிற்கிறார்கள். ஆத்தா ஓரத்தில், மச்சானுடைய பெரியப்பா தோளுக்குப் பின்னால் வேண்டுமென்றே நகர்ந்து நிற்கிறாள். வலது கண், வலது கன்னம், மூக்கில் பாதி. மீதி முகத்தைப் பெரியப்பாவின் தோள் மறைத்திருக்கிறது.

"அண்ணே, பாதி மூஞ்சிதான இருக்கு?" என்றார் தங்கச்சி.

"அவ்வளவுதாம்மா இருக்கு."

"போதும்ணே. மீதிய அது போட்டுக்கும். நீங்க அக்காவுக்கு டீ வாங்கிட்டு வாங்க."

மூன்று டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் திரையில் இருந்து ஆத்தா என்னை நேராகப் பார்த்தாள்.

டீயைக் கீழே போடவில்லை. ஆனால் கை சுட்டது தெரியவில்லை. முழு முகம். இரண்டு கண். இரண்டு கன்னமும் வழவழவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி. உதட்டில் லேசான சிரிப்பு. ஆத்தா யாரையும் முகத்துக்கு நேராகப் பார்த்ததே இல்லை. எப்போதும் கொஞ்சம் சாய்த்து, வலது பக்கத்தைக் கொடுத்துத்தான் பேசுவாள். இந்த அம்மாள் நான் எங்கே போனாலும் விடாமல் பார்த்தாள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தேன். அங்கேயும் பார்த்தாள்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"ஆத்தா நேராப் பாக்குதுடா. பாரேன். எப்படிப் பாக்குதுன்னு பாரேன்."

தழும்பு எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் அழுகையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். தங்கச்சிக்குத் தழும்பு இருந்தது என்பதே தெரியாது. அக்கா சொல்லவில்லை. டீ குடித்தோம். ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது.

அதை நான்தான் கட்டினேன். வேறு யார் கட்டுவது? சட்டத்தில் இழுத்து ஓரமெல்லாம் ஆணி வைத்தேன். காற்றுக்கு வெட்டும்போது கத்தியை ஓரத்திலேயே ஓட்டினேன். ஏணியில் ஏறி மேல் முடிச்சைப் போடும்போது முகத்துக்கு முகம் வந்துவிட்டது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் அது முகமாக இருக்காது, வெறும் புள்ளிகள். இது எனக்குத் தெரிந்த விஷயம், எத்தனையோ முகங்களைக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் வெங்கலத் தட்டு அகலத்துக்கு இருந்த அந்த இடது கண்ணுக்குப் பக்கத்தில் என் தலை போனபோது, பின்னால் இருந்து யாரோ பார்க்கிற மாதிரி பிடரி கூசியது. அரைகுறையாக முடிச்சுப் போட்டு இறங்கிவிட்டேன்.

கீழ் வரிசையில் வருந்தும் மகன் என்று வட்டத்துக்குள் என் படமும் இருந்தது. மெஷின் எனக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தது. போர்வெல் ராடு பட்டுத் தாடையில் விழுந்த வெட்டையும் காணோம்.

நினைவு நாளன்று அக்கா வீட்டில் படையல். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதே முகத்தைச் சட்டம் போட்டு, மாலை போட்டு, நடுவீட்டில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், "அச்சு அசல்", "உசுரோட இருக்க மாதிரியே இருக்கு" என்றார்கள். யாராவது ஒருவர், தழும்பைக் காணோமே என்று கேட்பார்கள் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளோடு ஒரே வரப்பில் களை எடுத்தவர்களும் வந்திருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை. செத்தவளின் குறையைச் சொல்லக் கூடாது என்று விட்டார்களா, உண்மையிலேயே தெரியவில்லையா? இரண்டாவதாக இருந்தால் என்ன செய்வது?

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மச்சான் போனை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். எந்த மெஷினைக் கண்டாலும் அவருக்கு ஆசை.

"மாப்ளே, இங்கிட்டு வாங்க. ஒன்னு காட்டுறேன்."

அந்தப் படத்தை ஏதோ ஆப்பில் போட்டு அசைய வைத்திருந்தார். ஆத்தா கண் சிமிட்டினாள். மூச்சு விடுவது தெரிந்தது. இரண்டு கையையும் கூப்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பல் முழுதாக இருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். இடது கன்னம் வெளிச்சத்துக்கு வந்தது.

உயிரோடு இருந்தவரை ஆத்தா அந்தப் பக்கத்தை ஒரு ஆளுக்கும் தானாகத் திருப்பிக் காட்டியதில்லை. அதை இந்த அம்மாள் ஊருக்கே காட்டுகிறாள், ஒன்றுமில்லாத வெறும் கன்னத்தை. நான் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டேன்.

"பயந்துட்டாருடி ஒந்தம்பி," என்று மச்சான் சிரித்தார். "பெத்த ஆத்தாளப் பாத்தே பயப்படுறாரு. போர்வெல் லாரியில எப்படித்தான் வேல பாத்தாரோ."

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொருக்காப் போடுங்க" என்று ஒரு சித்தி கேட்டாள். போட்டார். சிமிட்டல், மூச்சு, கும்பிடு, சிரிப்பு, திருப்பல். மறுபடியும் அதே அளவு சிமிட்டல். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா இலைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுவிட்டேன்.

"தழும்பு இல்லியேக்கா."

"எந்தத் தழும்பு? ஆமா, லேசா ஒரு கோடு மாதிரி இருக்கும். கூர்ந்து பாத்தாத்தான் தெரியும். அதப் போயி ஃபிளக்ஸுல போடுவாங்களா?"

இலைகளைக் குழியில் போட்டுவிட்டுச் சாதாரணமாக உள்ளே போய்விட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் எனக்குத் தெரியும், சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். அவள் கண்ணுக்கு இப்போது ஒரு கோடுதான் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில், வெந்த மூஞ்சி மகள் என்று சொன்னவளின் முடியைப் பிடித்து ஆய்ந்தவள் இவள்.

அன்றைக்கு இரவு கடையிலேயே படுத்துக்கொள்வோம் என்று சாயங்காலமே கீரனூர் பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தாவை நினைத்துப் பார்த்தேன். களத்தில் நிற்கும் ஆத்தா, கஞ்சித் தூக்கோடு வரும் ஆத்தா. வந்தாள். வழவழவென்று வந்தாள். நேராகப் பார்த்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் தங்கச்சியிடம் போய் நின்றேன்.

"ஆத்தாவுக்கு இடது கன்னத்துல தீக்காயத் தழும்பு உண்டும்மா. அதப் போட்டுத் தாங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? ஃபிளக்ஸ் கட்டியாச்சே."

"ஃபிளக்ஸுக்கு இல்ல. எனக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் வந்தது கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு, சினிமா வில்லனுக்குப் போல. இல்லை என்றேன். பிறகு வந்ததைப் பார்க்க முடியவில்லை, பச்சைப் புண். ஐயோ இல்லம்மா, ஆறின தழும்பு என்றேன். "நீங்க விவரமாச் சொல்லுங்கண்ணே. எங்கிருந்து எதுவரைக்கும்? கண்ணுக்குக் கீழயா? காது வரைக்கும் போகுமா? மேடா, பள்ளமா?"

சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணுக்குக் கீழே ஒரு விரல் விட்டு ஆரம்பிக்கும். ஒரு விரலா, இரண்டு விரலா? தாடை வரை வரும். தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு வருமா? காது மடல் ஒட்டியிருந்ததா, தோடு போட்டிருந்தாளா? வருசக்கணக்காகப் பார்த்த முகம். அதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்றேன். அதற்கு ஓரம் எது என்று நான் ஒரு நாளும் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. யாராவது தன் ஆத்தாவை அளந்து வைப்பார்களா?

"வெயில்ல அந்தப் பக்கம் வேர்க்காது," என்றேன்.

"அதயெல்லாம் போட்டோவுல எப்படிண்ணே போடுறது?"

எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவர் எனக்காக இரக்கப்பட்டு, நாலு விதமாகப் போடச் சொன்னார். திரை நாலாகப் பிரிந்து நாலு முகம் வந்தது. நாலு தழும்பு. ஒன்றில் கண் ஓரம் வரை, ஒன்றில் காதுப் பக்கம் சுருங்கி, ஒன்றில் தாடையில் பளபளவென்று, ஒன்றில் கன்னம் முழுவதும் திட்டாக. நாலு பேரும் நேராகப் பார்த்தார்கள்.

"எதுண்ணே?"

முதலில் மூன்றாவது என்று தோன்றியது. மூன்றாவதை உற்றுப் பார்த்தேன். ஆமாம், இதுதான். பிறகு நாலாவதைப் பார்த்தேன். அதுவும் ஆமாம் என்றது. ஒன்றாவதைப் பார்த்தால் அந்தக் கண் ஓரச் சுருக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம் மாதிரி இருந்தது. நான் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் என் ஆத்தா ஆகிக்கொண்டிருந்தது. அப்படி ஆகும்போதெல்லாம் உள்ளே இருந்த ஒன்று கரைவது தெரிந்தது, கட்டுமாவடியில் கூடைக்குள் ஐஸ் கரைந்து அடி வழியாக ஒழுகுவது போல. பெற்றவளை நாலு பேருக்கு நடுவில் அடையாளம் காட்ட முடியாத ஒருவனாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வேர்த்து ஊற்றியது, எனக்கு இரண்டு பக்கமும்.

"அழிச்சுருங்கம்மா. எல்லாத்தையும் அழிச்சுருங்க."

"அழிச்சுட்டேண்ணே."

"எங்கேருந்து?"

"இந்தக் கம்ப்யூட்டர்லேருந்து."

"வேற எங்க இருக்கும்?"

அவர் கையை விரித்தார். "அது செய்யிற எடம் இங்கயா இருக்கு? அங்கிட்டு எங்க கெடக்கோ, யாரு கண்டா. ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா? மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

அன்று வேலை செய்யவில்லை. அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனேன். வைக்கோல் போரின் மேல் ஒரு பழைய ஃபிளக்ஸைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிரமுகரின் பிறந்தநாள் வாழ்த்து, படம் உள்பக்கமாக. எங்கள் பக்கத்தில் எல்லா ஃபிளக்ஸும் கடைசியில் வைக்கோலுக்கோ ஆட்டுக் கொட்டகைக்கோதான் வரும். கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நடுவீட்டுல இருக்க படத்த எடுத்துருவோம்."

"ஏன்?"

"அது ஆத்தா இல்ல."

அவள் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்தாள். பிறகு என் எதிரே வந்து நின்றாள்.

"நீ சொல்ற ஆத்தா வேற, நான் சொல்ற ஆத்தா வேற. ஒனக்கு வெந்த மூஞ்சிதான் தெரியும். நீ பொறக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஆத்தா இருந்துச்சுடா. ரெண்டு பக்கமும் நல்லா இருந்துச்சு. என்னத் தூக்கி வச்சுக்கிட்டு நேராப் பாக்கும். நான் பாத்திருக்கேன். அன்னைக்கு கடையில அந்தப் படம் வந்ததும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு."

"நாலு வயசுலயா?"

"நாலு வயசுலதான்."

"நெசமா ஞாபகம் இருக்கா? இல்ல, படத்தப் பாத்தப்புறம் வந்துச்சா?"

அவள் முகம் சட்டென்று மாறியது. கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நிமிசமே தெரிந்தது. அவளுக்கும் அந்தக் கேள்வி உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. நான் கேட்டதால் அது எழுந்து நின்றுவிட்டது. அவள் கண்ணில் நான் பார்த்தது கோபம் இல்லை. என்னிடம் இருந்த அதே பயம்.

"ஒரு மெஷினு நம்ம ஆத்தா மூஞ்சிய எடுத்துச்சு," என்றாள் மெதுவாக. "இன்னொரு மெஷினு திருப்பிக் குடுத்துருக்கு. ஒனக்கு என்னடா வந்துச்சு? வீட்டுல தங்காத பய, இப்ப வந்து எடு எடுங்குற. எடுக்க மாட்டேன். போ."

அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். தழும்பு இல்லாத ஆத்தாவை நான் பார்த்ததில்லை, அவள் பார்த்திருக்கலாம். ஆனால் சரியா தப்பா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அவளாலேயே முடியாது.

அந்த வாரமே கிளம்பிவிட்டேன். கட்டுமாவடியில் ஐஸ் கம்பெனிக்கு ஆள் தேவை என்று பழைய மேஸ்திரி கூப்பிட்டிருந்தார். கிளம்பும்போது அக்காவிடம் ஒன்றுதான் கேட்டேன், அந்தக் கல்யாண போட்டோ. அவளுக்கு இப்போது அது தேவையில்லை. ஆல்பத்தில் இருந்து உருவி, பழைய மஞ்சள்பையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். "நேரத்துக்குத் தின்னு" என்றாள்.

நடுவீட்டைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஆத்தா, பாதி. மீதிப் பாதி பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தச் சட்டைத் துணிக்குப் பின்னால்தான் அந்தத் தழும்பு, அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே எத்தனை விரலோ அத்தனை விரல். மணமேடை விளக்குச் சூட்டில் எல்லோரும் வேர்த்து நிற்க, அது மட்டும் வேர்க்காமல் இருக்கிறது. அங்கே இன்னும் யாரும் எதையும் வரையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். கையில் பெரிய போன்.

"அம்மாவாண்ணே?"

"ஆமா."

"பாதிதான் தெரியுது. இப்பல்லாம் சுளுவுண்ணே. இப்படிக் குடுங்க, நம்ம போன்லயே முழுசா வரவச்சுத் தாரேன். அறந்தாங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்."

நல்ல மனுசன். உதவி செய்யத்தான் கை நீட்டினார். மற்றொரு கையில் போனின் கேமரா ஏற்கெனவே திறந்திருந்தது. அதன் கண்ணாடியில் போட்டோவின் ஒரு மூலை தெரிந்தது.

படாரென்று போட்டோவைக் கவிழ்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். "வேணாங்க," என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அறந்தாங்கி வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. முகத்தைச் சாய்த்து ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டேன்.